வெயில் பாத்தி (14): ஒன்பதாம் வரிசை வெளுத்துப் போச்சு

சாலம்மாள் ஏன் இன்னும் அழவே இல்லை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். செஞ்சியிலிருந்து ஒரு அம்மா, "என்ன கல்நெஞ்சக்காரி அவள்?" என்றே எழுதிவிட்டார். அவள் அழுதிருந்தால் நான் எழுதாமலா இருப்பேன்? ஒரு வாரத்து வேலை சுளுவாக முடிந்திருக்குமே!

புருஷன் தட்சணாமூர்த்தியைப் புயல் கொண்டுபோனபோது அவள் அழவில்லை. அவர் காலமெல்லாம் உப்பு வாரிய அளத்தை முதலாளி சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டபோதும் அழவில்லை. அதே இடத்தில் பேனல் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, மருமகள் விஜயலட்சுமிக்குக் கீழேயே கூலியாளாக நின்றாளே, அப்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் யாருக்குமே ஒன்றும் இல்லை, போங்கள். மாமியார், மருமகள், மகன் கலியன் என்று மூன்று பேர். எழுந்திருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், வந்து படுக்கிறார்கள். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மரத்துக் கிடக்கிறது மனசு.

அப்படிப்பட்ட வீட்டில்தான் இந்தப் புதன்கிழமை விடிந்தது.

விஜயலட்சுமி புதுச்சேரியில் கம்பெனி நடத்திய பயிற்சிக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். பேனலை எப்படிக் கழுவ வேண்டும், எந்தத் துணி, எந்த நேரம் என்று ஏ.சி. ரூமில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். கையில் சர்டிபிகேட் கொடுத்து போட்டோவும் எடுத்தார்கள். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொன்னதே அவள் காதில் விழவில்லை.

பேனல் சூடேறுவதற்கு முன்னால் கழுவி முடிக்க வேண்டும். அதனால் வெயில் கிளம்புமுன்னே பெண்கள் எல்லாரும் வேலி தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள். கடல்காற்றில் வருகிற உப்புப் பிசுக்கு கண்ணாடியில் படிந்தால் கரண்ட் குறைந்துவிடும். அதைக் கழுவத்தான் இத்தனை பேர்.

ஒன்பதாம் வரிசைக்கு வந்ததும் விஜயலட்சுமி நின்றாள்.

"இன்னாடி இது, பனி விழுந்த மாதிரி?" என்றாள் பக்கத்தில் வந்த அமுதவல்லி.

பனியாவது, சித்திரையிலே! வரிசை முழுக்கக் கண்ணாடி வெளுத்துக் கிடந்தது. வெள்ளைக்கு நடுவே வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். விஜயலட்சுமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

காற்றில் வந்து படிகிற உப்பு இல்லை இது. கரித்தது. உப்பளப் பாத்தித் தண்ணீர் காய்ந்த உப்பு.

"யாரு கழுவினது இத?"

எல்லாரும் கையிலிருந்த மாப்பையே பார்த்தார்கள். கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு சாலம்மாள்தான் சொன்னாள்.

"நான்தான். நேத்து."

"எந்தத் தண்ணியில அத்தை?"

"அதோ" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். கம்பெனி இன்னும் எடுக்காத பழைய பாத்திகள் அங்கே மிச்சம் இருந்தன. கால்வாயில் உப்புத்தண்ணி பளபளவென்று நின்றது.

விஜயலட்சுமிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. "ஷெட்டுக்குப் பின்னால வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஷெட்டுக்குப் பின்னால் காலி சின்டெக்ஸ் டேங்க் நின்றது. விஜயலட்சுமி அதைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது.

"நல்ல தண்ணியிலதான் கழுவணும்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை?"

"சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றாள் சாலம்மாள். "நல்ல தண்ணி வாய்க்கு. இங்க வந்த நாள்லேர்ந்து அப்படித்தானே? கை கழுவறது, கால் கழுவறது, கூடை, மம்புட்டி எல்லாத்துக்கும் பாத்தித் தண்ணிதான். உங்க மாமா குடிச்சது போக டம்ளர்ல மிச்சம் இருந்தாக்கூட திரும்ப குடத்துல ஊத்துவாரு. கண்ணாடிக்குப் போயி குடிக்கிற தண்ணியா?"

"உப்பு பட்டா வீணாயிடாதா?"

"இரும்புன்னா துருப்புடிக்கும். இது கண்ணாடி. கண்ணாடிய உப்பு என்ன பண்ணும்? காஞ்சதும் வெளுப்பா நின்னுச்சு. சரி, அழுத்தித் தொடைச்சா போயிடும்னு சாக்குத் துணியப் போட்டு நல்லா தேச்சேன்."

நல்லா தேய்த்தாளாம்! காய்ந்த உப்பை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி என்னத்துக்கு ஆகும்? பயிற்சியில் முதல் நாளே அதைத்தான் சொன்னார்கள். கண்ணாடி முழுக்க மயிர் மயிராகக் கீறல் விழும், கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

"டேங்கர் ஏன் வரல நேத்து?"

சாலம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துச்சு" என்றாள் அப்புறம். "இங்க வரல. நம்ம தெருவுக்கு வந்துச்சு."

விஜயலட்சுமி அவளையே பார்த்தாள்.

கம்பெனிக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருகிற டேங்கரை ஓட்டுவது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கலியன்தான். வானூர் பக்கம் ஒரு போர்வெல்லில் ரொப்பிக்கொண்டு வந்து இங்கே இறக்குவான். புயலில் கடல் உள்ளே ஏறி வந்ததிலிருந்து அவர்கள் தெருக் குழாயில் வாயில் வைக்க முடியாத தண்ணி. பஞ்சாயத்து லாரி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது.

"பத்து நாளா லாரி வரல. நீ ஊர்ல இல்ல, உனக்குத் தெரியாது" என்றாள் சாலம்மாள். பத்து நாளா, எட்டு நாளா, அவள் எங்கே எண்ணினாள்! "புள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போவுது. கலியன் வந்து கேட்டான். எம்மா, ஒரு லோடு தெருவுக்கு விட்டுட்டா நீ சமாளிச்சுக்குவியான்னு. சமாளிச்சுக்கிறேன்டா, நீ போன்னு சொன்னேன். டேங்க்ல மிச்சம் இருந்தது மத்த வரிசைங்களுக்கு ஆச்சு. இதுல என்னா இருக்குது? தண்ணிக்குத் தண்ணி."

"காலையில நான் குடிச்ச காப்பி?"

"அந்தத் தண்ணிதான்."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மோட்டார் போட்டார்கள். இன்றைக்குப் பத்து மணிக்கு என்ஜினியர் ரெக்ஸ் வருகிறார். ஒன்பதாம் வரிசையில் கரண்ட் விழுந்துவிட்டது என்று சென்னையில் உட்கார்ந்து திரையில் பார்த்துவிட்டார்கள். விஜயலட்சுமிக்கு நேற்று இரவே போன் வந்தது. காரணம் தெரிய வேண்டும், ஆள் தெரிய வேண்டும். இல்லையென்றால் இந்தப் பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு, பிரஷ் வைத்த மெஷினும் நாலு ஆளும் வெளியிலிருந்து வந்துவிடும்.

"என் பேரச் சொல்லிடு" என்றாள் சாலம்மாள்.

"அத்தை..."

"கெழவிக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாம பண்ணிட்டான்னு சொல்லு. பொய்யா அது? தெரியாமதானே பண்ணேன்? டேங்கர் பேச்சை மட்டும் எடுக்காத. அவன் வேலை போச்சுன்னா தெருவுக்கு அந்த ஒரு லோடும் இல்ல. எனக்கென்னா, நான் வீட்ல குந்திக்கினு இருக்கேன்."

இந்தக் கிழவிக்கு வயசு ஒன்றும் அதிகம் இல்லை. அம்பதைத் தாண்டி ரெண்டோ மூணோ. தன்னைத்தானே கிழவி என்று சொல்லிக்கொண்டால் வேலை சுலபமாக முடியும் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

ரெக்ஸ் நல்ல பையன். அதைச் சொல்லிவிட வேண்டும். திட்டுகிற ஆள் என்றால் விஜயலட்சுமிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பேனலாகப் பார்த்தான். சட்டங்கள் சேருகிற மூலையில் விரல் விட்டான். நல்ல தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றித் துடைத்தான். வெள்ளை போனது, கீறல் போகவில்லை.

"இது போச்சு" என்றான். "வரிசை முழுக்கப் போச்சு. கேரண்டி தர மாட்டாங்க. அதுகூடப் பரவாயில்லைங்க. உப்புத்தண்ணியும் கரண்ட்டும். எந்த ஒயர்லயாவது விரிசல் இருந்திருந்தா? கழுவினவங்க இன்னைக்கு உயிரோட இருக்க மாட்டாங்க." அவன் எழுந்து பெண்கள் பக்கம் திரும்பினான். "யாரு மேடம் அது?"

பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆரஞ்சு ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், அதற்குள் மல்லிகை வைத்திருப்பவர்கள் வைத்திருந்தார்கள். சாலம்மாள் மூன்றாவதாக நின்றாள். விஜயலட்சுமியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"எங்க மாமியார்தான் சார்" என்றாள் விஜயலட்சுமி.

சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது. நெஞ்சு அடைக்கும், நாக்கு வராது என்றெல்லாம் நினைத்திருந்தாள். ரேஷன் கடையில் பெயர் சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

"தெரியாம பண்ணிட்டாங்க சார். பழைய உப்பள ஆளு."

"டேங்க்ல தண்ணி இல்லையா?"

"நேத்து வண்டி லேட்டு சார்."

"ஏன் லேட்டு?"

"தெரியல சார்."

ரெக்ஸ் தள்ளிப் போய் ஆபீசுக்குப் போன் பேசிவிட்டு வந்தான். "சரி, வண்டி விஷயத்த நான் பார்க்கிறேன். இப்ப இவங்க எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுத்துடுங்க. நீங்கதான் டிரெய்னிங் போயிட்டு வந்திருக்கீங்க. நான் வீடியோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பணும்."

என்ன கொடுமை பாருங்கள்! அவனுக்கு ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. ஆபீசுக்கு வீடியோ காட்டினால் மற்றவர்கள் வேலையாவது தப்பிக்கும் என்றுதான் நினைத்தான்.

பெண்கள் பேனல் நிழலில் உட்கார்ந்தார்கள். காலமெல்லாம் நிழலே பார்க்காத மண் அது. முன்வரிசையில் சாலம்மாள். ஒன்பதாம் வரிசை நிற்கிற இடத்தில்தான் தட்சணாமூர்த்தியின் பாத்தி இருந்தது. வேலை பிரித்துக் கொடுத்த முதல் நாளே அந்த வரிசையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"உப்புத்தண்ணியில பேனலக் கழுவக் கூடாது" என்றாள் விஜயலட்சுமி, ரெக்ஸின் செல்போனைப் பார்த்து. "காஞ்சா உப்பு நிக்கும். அதத் தொடைச்சா கீறல் விழும். வெயிலு உள்ள போகாது. கரண்ட் வராது."

சாலம்மாள் தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆட்டினாள்.

"புரிஞ்சுதாம்மா உங்களுக்கு?" என்று ரெக்ஸ் அவளைத் தனியாகக் கேட்டான்.

"புரிஞ்சுது சார். இனிமே பண்ண மாட்டேன்."

"இல்லம்மா... உங்களை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"சரி சார்."

ஜாக்கெட்டைக் கழற்றினாள். நீவி நீவி மடித்தாள். ஹெல்மெட்டை அதன்மேல் வைத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு, வரப்பு இருந்த வழியே போனாள். கம்பெனி ஜல்லி கொட்டிப் பாதை போட்டிருந்தது. பழக்கத்தில் அவள் வரப்பு வளைகிற இடத்திலெல்லாம் வளைந்து வளைந்துதான் நடந்தாள்.

அமுதவல்லி கிட்டே வந்து நின்றாள். "ஏன்டி விஜயா, நல்லா இருப்பியா நீ? ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி சொந்த மாமியார மாட்டி உட்டுட்டியே? எங்க எல்லாரையும் பொதுவா திட்டியிருந்தா நாங்க வாங்கிக்க மாட்டோமா?"

விஜயலட்சுமி ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணிக்காக மாமியாரே தன் பெயரைச் சொல்லச் சொன்னாள் என்று சொன்னால் ஒரு நொடியில் அமுதவல்லி வாய் அடங்கிவிடும். அவள் வீட்டுக் குடத்திலும் அந்தத் தண்ணிதானே? ஆனால் அமுதவல்லியிடம் சொன்னது அடுத்த வாரம் நம் பத்திரிகை வருவதற்கு முன்னால் மரக்காணம் முழுக்கப் போய்விடும்.

"பத்தாம் வரிசைக்கு அடியில பெருக்கற வேலை பாக்கி இருக்குது. போய் ஆவுற வேலையப் பாருக்கா" என்றாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சோறு தயாராக இருந்தது. நெத்திலிக் குழம்பு. சாலம்மாள் தட்டு வைத்துப் போட்டாள். விஜயலட்சுமி சாப்பிட்டாள். கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளினால்கூட நன்றாக இருந்திருக்கும், இரண்டு பேருக்கும்.

"ரெண்டு வாட்டி வீடு பெருக்கிட்டேன்" என்றாள் சாலம்மாள். "வெயில்ல நிக்காம என்னா பண்றதுன்னே தெரியல. துணியெல்லாம் தொவைக்கலாம்னு பாத்தேன். அப்புறம் தண்ணி வீணாவுதேன்னு உட்டுட்டேன்."

"படுங்க கொஞ்ச நேரம்."

"படுத்தேன். கண்ண மூடினா அந்த வெள்ளைக் கண்ணாடிதான் நிக்குது. அவரு பாத்திய நானே கெடுத்துட்ட மாதிரி இருக்குது விஜயா."

அவ்வளவு காலத்தில் சாலம்மாள் தன் மனசைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. விஜயலட்சுமி அதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஏதாவது சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம். குழம்பு நல்லா இருக்குது அத்தை என்றாள். எழுந்து போய்க் கை கழுவினாள். கழுவ எடுத்த தண்ணீரைப் பார்த்ததும், பாதியைச் சொம்பிலேயே விட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனையில் ஹாரன் கேட்டது.

டேங்கர்! பெண்கள் குடம், வாளி, பெயிண்ட் டப்பா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கலியன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் விஜயலட்சுமி போய்விட்டாள்.

"திருப்புங்க வண்டிய."

"என்னா விஜி?"

"இன்னிக்கு இந்த லோடு கம்பெனிக்குத்தானே போவணும்? ரெக்ஸ் சார் வண்டிய விசாரிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. திருப்புங்க, இப்பவே போங்க."

கலியன் லுங்கியை மடித்துக் கட்டினான். அவனுக்குக் காலையிலேயே செய்தி போயிருந்தது. யார் பெயரைச் சொன்னது என்றும் போயிருந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மாவுக்கு வேலை போயிடுச்சு" என்றான்.

"ஆமா."

"இதுவும் நின்னுச்சுன்னா, அவங்க எதுக்குப் போனாங்க?"

பின்னால் தெருவே நின்றது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, ஜுரத்தில் தலையில் துண்டு கட்டிய கிழவர் ஒருவர், காலையில் அவளைச் சபித்த அமுதவல்லி கையில் இரண்டு குடத்தோடு. சாலம்மாள் மட்டும் வரவில்லை. வாசல்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயலட்சுமியின் போன் அடித்தது. ரெக்ஸ்.

"மேடம், ஒரு விஷயம்" என்றான். "டேங்கர்ல ஜி.பி.எஸ். இருக்குது. இப்பத்தான் பார்த்தேன். வண்டி உங்க தெருவுலயே நிக்கிறதா காட்டுது. நேத்தும் அங்கதான் நின்னிருக்குது. அந்த டிரைவர் என்ன பண்றாரு அங்க?"

இந்த ரெக்ஸுக்கு டிரைவர் அவள் புருஷன் என்று தெரியாது. வண்டி வேறு காண்டிராக்டர் வண்டி. தெரியல சார் என்று காலையில் சொன்ன மாதிரியே சொல்லிவிடலாம். ஒரு பெயரைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு பெயரும் நாக்கு நுனியில் நின்றது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். வண்டிய நான்தான் வரச் சொன்னேன்."

கலியன் திரும்பிப் பார்த்தான்.

"நேத்தும் நான் சொல்லித்தான் வந்துச்சு. ஊர்ல இல்லன்னாலும் போன்ல சொன்னேன். சூப்பர்வைசர் சொன்னா டிரைவர் என்னா பண்ணுவாரு? எங்க மாமியாருக்கு டேங்க்ல தண்ணி இல்ல, அதான் பாத்தியில போயி மொண்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல சார். காலையில நான் சொல்லல. இப்ப சொல்றேன்."

பயம் வரும் என்று விஜயலட்சுமி காத்திருந்தாள். பயமும் வரவில்லை. காதில் வைத்திருந்த போன் மட்டும் சூடாக இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றான் ரெக்ஸ் மெதுவாக. "கம்பெனி தண்ணிய எடுத்திருக்கீங்கன்னு போலீஸ் கேஸ் ஆகும்."

"தெரிஞ்சுதான் சார்."

"காலையில நான் மேனேஜரோட வர்றேன். அதுவரைக்கும் வண்டி அங்கயே நிக்கட்டும். ஒரு சொட்டுத் தண்ணி இறங்கக் கூடாது. புரியுதா?"

லைன் கட்டானது.

"இன்னா சொல்றாரு?" என்றான் கலியன். அவன் கை குழாய்மேல் இருந்தது.

"காலையில வர்றாராம். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கணுமாம்."

"தண்ணி?"

விஜயலட்சுமி திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

"தொறந்து உடுங்க" என்றாள். "எல்லாரும் ரொப்பிக்கட்டும். வீட்ல இருக்கிற குடத்தையெல்லாம் எடுத்தாரச் சொல்லுங்க."